உவருக்காக ஒரு மன்றாட்டு

அந்தோனியாருக்கு அன்று நல்ல ஏச்சு விழுந்துகொண்டிருந்தது.

மெற்றில்டா அக்கா வீட்டுப் படலையைத் திறக்கும்போதே எனக்குக் குரல் கேட்டது. புயல் போய்க் கனநாளாகியும் முற்றத்துச் சேறு காலைப் பிடித்து இழுத்தது. உள்ளே ஈரப் பாயின் மணம். சுவரில் அடித்த சின்ன மரத்தட்டுக்கு முன்னால் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். தட்டில் புனித அந்தோனியார் சிலை, எங்கள் சொல்லில் சுருவம். முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. அதாவது அக்கா கதைத்துக்கொண்டிருந்தது அவருடைய முதுகோடு.

"ஊர்ச் சனம் துலைச்ச பூட்டுத் திறப்பெல்லாம் தேடிக் குடுக்கிறீர். முன்வீட்டு ஆட்டைத் தேடிக் குடுத்தீர். உவரை மட்டும் எங்கை வைச்சுக்கொண்டிருக்கிறீர்?"

காணாமற்போன பொருளைத் தேடித் தருகிற வேலை அந்தோனியாருடையது என்பது கத்தோலிக்கக் குழந்தைகளுக்கும் தெரியும். முகத்தைச் சுவருக்குத் திருப்பிவிட்டால் மனுசன் எப்படித் தேடுவார் என்று கேட்டேன். வெட்கம் வந்தால் தேடுவார் என்றார் அக்கா.

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஒரு சொல் என் காதுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. உவரை.

"அக்கா, அதை இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றேன்.

"உனக்கென்ன விசரே?"

அந்தப் பைத்திய விசரில் விளைந்ததுதான் கிழமைதோறும் நான் எழுதுகிற பத்தியில் இந்த வாரக் கதை. போன கிழமை நான் எழுதிய சைக்கிள் கதையை வாசித்துவிட்டு அம்மா என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இதை வாசித்துவிட்டு யார் கதைக்காமல் விடப்போகிறார்களோ தெரியாது. பாதராக இருக்கலாம்.

நடுவில் ஓர் எழுத்து

யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்காகக் கொஞ்சம் இலக்கணம். பயப்பட வேண்டாம், ஒரு பந்திதான்.

மற்ற ஊர்களில் ஆள் பக்கத்தில் நின்றால் 'இவர்', தூரத்தில் நின்றால் 'அவர்'. அத்தோடு கதை முடிந்தது. எங்களிடம் மூன்றாவதும் இருக்கிறது: 'உவர்'. எனக்குப் பக்கத்தில் இல்லை. நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிற உமக்குப் பக்கத்தில் இருக்கிறார். போனில் கதைக்கும்போது அந்தப் பக்கம் யாரோ இருமினால், 'உவர் ஆர் இருமுறது?' என்று கேட்போம். இருமியவரை எனக்குத் தெரியாது, உமக்குத் தெரியும். கம்பசில் எங்கள் விரிவுரையாளர் இதைப் பழந்தமிழின் எச்சம் என்று கண்கலங்கச் சொல்லுவார். நாங்கள் அந்த எச்சத்தை வைத்துத்தான் சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறோம். 'உது என்ன விலை?'

அக்கா அன்று யாரோடு கதைத்தார்? அந்தோனியாரோடு. அவருடைய முதுகைத் தாண்டி, ஆண்டவரோடு. அவர்களிடம் போய் ஒருவரை 'உவர்' என்று சொன்னால் என்ன அர்த்தம்? உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறவர். உயிரோடு இருக்கிறாரா, செத்துவிட்டாரா என்று அந்தச் சொல் கேட்கவில்லை. யார் பக்கத்தில் இருக்கிறார் என்று மட்டும் சொன்னது.

நான் எங்கள் கோயிலில் வாசகம் வாசிக்கிறவள். ஞாயிறு மன்றாட்டுகளை எழுதுகிறவளும் நான்தான். கம்பஸ் முடித்து வேலை கிடைக்காமல் இருக்கிற பெண்ணுக்குப் பங்கில் வேலைக்குக் குறைவே இல்லை. இந்த முறை மன்றாட்டில் ஒரு மனிதனின் பெயரை எந்த இடத்தில் எழுதுவது என்று தெரியாமல் நான் பல நாளாகப் பேனையைக் கடித்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதன் அக்காவின் கணவர், அருள்தாஸ் அண்ணை.

தண்ணீர் இல்லாத வேலை

அருள்தாஸ் அண்ணை கரையில் பிறந்தவர். தகப்பனைக் கடல் கொண்டுபோனது. அதற்குப் பிறகு தாய் திரேசம்மா மகனை வள்ளத்தில் கால் வைக்க விடவில்லை. அழுது, பட்டினி கிடந்து, நேர்த்தி வைத்து, கடைசியில் லொறி ஓட்ட அனுப்பினார். தண்ணீர் இல்லாத வேலை வேண்டும் என்பது மட்டும்தான் அந்தத் தாய் போட்ட நிபந்தனை.

அண்ணை அச்சுவேலியில் வெங்காயமும் கரையில் கருவாடும் ஏற்றிக்கொண்டு மலைநாட்டுக்குப் போவார். திரும்பி வரும்போது லீக்ஸும் கரட்டும் வரும். லொறி ஒழுங்கைக்குள் திரும்பினால், பார்க்கத் தேவையில்லை, மணத்திலேயே தெரியும்.

பிறகு அந்தப் புயல். எங்களுக்கு இங்கே வெள்ளம். கிணறு எது, வீதி எது என்று தெரியவில்லை. அங்கே மலையே இறங்கி வந்தது. மண்சரிவு அபாயம் என்று அண்ணையை வழியில் மறித்துவிட்டார்கள். வழக்கமாக நிற்கும் ஒரு தேநீர்க்கடையில் ஒதுங்கி, தன் போனில் சார்ஜ் இல்லாததால் கடைக்காரியின் போனில் இருந்து அக்காவுக்குக் கோல் எடுத்தார். கதைத்துக்கொண்டிருக்கும்போதே அறுந்துபோனது. கொஞ்ச நாளில் லொறியைக் கண்டெடுத்தார்கள். கடை இருந்த இடத்தைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. அண்ணையையும் காணவில்லை.

அண்ணை காணாமற்போய் ஒரு மாதம் முடிகிற நேரம். திரேசம்மா பாதரிடம் போய் ஒன்று கேட்டார்: ஞாயிற்றுக்கிழமை மகனுக்கு மரித்தோர் பூசை. செபம் இல்லாமல் பிள்ளையின் ஆத்துமா அந்தக் குளிரில் அலைகிறது என்றார். அக்காவும் பாதரிடம் போய் ஒன்று சொன்னார்: காணாத மனுசனைச் செத்தவன் என்று பேர் வாசித்தால், இனிமேல் இந்தக் கோயில் வாசலை மிதிக்க மாட்டேன். மெற்றில்டா அக்கா சொன்னால் சொன்னதுதான். மாமியும் மருமகளும் ஒரே வீட்டில், ஒரே சட்டிச் சோறு சாப்பிட்டுக்கொண்டு, கதை பேச்சு இல்லாமல் இருந்தார்கள்.

பூப் பிடுங்குகிறவர்கள்

இந்த மாதம் முழுக்க அந்த வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் சும்மா வரவில்லை. ஆளுக்கொரு விளக்கம் கொண்டுவந்தார்கள்.

ஒருவர் கடைசிக் காலம் வந்துவிட்டது என்றார். இன்னொருவர் மலையில் விடுதி கட்டிக் குடித்துக் கூத்தடித்ததற்கான தண்டனை என்றார். விடுதிக்காரர் எல்லாம் சுகமாக இருக்க, தேநீர்க்கடையில் நின்றவர் ஏன் போனார் என்று நான் கேட்டதும் தன் குடையைத் தேடத் தொடங்கினார். மானிப்பாயில் இருந்து சைக்கிளில் வந்த அண்ணையின் சைவச் சிநேகிதர் ஏழரைச் சனி என்றார். விளக்கம் சொல்வதில் எங்களுக்குள் சமய வேறுபாடு கிடையாது.

நீலச் சேலை கட்டி வந்த ஒரு அன்ரி அக்காவின் கையைத் தன் மடியில் வைத்துத் தடவித் தடவிச் சொன்னார்: ஆண்டவர் தன்ரை தோட்டத்துக்கு நல்ல பூவாய்ப் பாத்துத்தான் பிடுங்குவார்.

அக்கா கையை எடுக்கவில்லை. மெதுவாகச் சொன்னார்: "எங்கடை ஆள் கருவாடும் வெங்காயமும் ஏத்தினவர் அன்ரி. அவரைப் பூ எண்டு பிடுங்கினா, ஆண்டவருக்கு மணமே தெரியாத தடிமன் போலை."

நான் குசினிக்குள் ஓடிப்போய் அடுப்படியில் கிடந்த ஒரு துவாயை வாயில் அடைத்துக்கொண்டேன். வெளியே வந்தபோது அன்ரி போய்விட்டார். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. அப்போதுதான் என் சிரிப்பும் நின்றது.

நான் சும்மா இருப்பவளா? நற்செய்தியில் ஒரு கோபுரம் விழுந்து சனம் செத்த கதை வருகிறதே, அதைத் தேடி எடுத்தேன். செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்ற கேள்வி வருகிறது. இயேசு இல்லை என்கிறார். ஏன் விழுந்தது என்று சொல்லவில்லை. உங்களைப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு விட்டுவிடுகிறார். எனக்குப் புதையல் கிடைத்த சந்தோசம். நீளமாக எழுதிப் பங்கு வட்ஸ்அப் குழுவில் போட்டேன். கும்பிட்ட கைகள் வரிசையாக வந்தன. ஆமென், ஆமென் என்று வந்தது. அடுத்ததாக, இந்தப் புயல் யாருடைய பாவத்தால் வந்தது என்ற குரல்பதிவு வந்தது. அதற்கும் அதே கைகள், அதே ஆமென்.

அக்காவுக்கு மட்டும் நேரில் போய்ச் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்.

"அவரும் காரணம் சொல்லேல்லையோ?"

"இல்லை அக்கா."

"அப்ப சரி. இனி ஆரும் சொன்னா, அவரை விடத் தெரிஞ்ச ஆளோ எண்டு கேப்பம்."

தன் பூசைக்குத் தானே வந்தவர்

மரித்தோர் பூசையை எங்கள் கரையில் யாரும் அவசரப்பட்டு வைக்கமாட்டார்கள். அதற்கு ஒரு சரித்திரம் உண்டு.

நான் பிறப்பதற்கு முந்திய காலம். செபஸ்தியாம்பிள்ளை என்று ஒருவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டுப் பூசை வைத்தார்கள், மணி அடித்தார்கள், ஊருக்குச் சாப்பாடு போட்டார்கள். மனுசன் இயந்திரம் பழுதாகி இந்தியக் கரையில் ஒதுங்கி, அங்கே பிடிபட்டு மறியலில் சிறையிருந்து, ஒருநாள் பின்னேரம் சாரத்தோடு நடந்து வந்தார். முதலில் கண்டவர் மயங்கி விழுந்தாராம். இவர் நேரே கோயிலுக்குப் போய், தனக்கு வைத்த பூசையைத் திருப்பி எடுக்கலாமா என்று கேட்டார். அப்போதைய சுவாமியார் அமைதியாகச் சொன்னாராம், வைத்துக்கொள்ளும், பிறகு தேவைப்படும்.

இந்தக் கதையை இரண்டு பக்கமும் பாவித்தார்கள். செபஸ்தியாம்பிள்ளை வந்தாரே என்றார் அக்கா. அவருக்கு வைத்த பூசை வீண்போகவில்லையே என்றார் திரேசம்மா.

மீசை

இந்த இடத்தில்தான் சவிரி அண்ணை வருகிறார். செபக்கூட்டம் நடத்துகிறவர். நல்ல மனுசன். வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் அரிசி மூட்டை சுமந்தவர். ஒரே குறை, அவருக்குக் காட்சி தெரியும்.

ஒரு பின்னேரம் கண்கள் மின்ன வந்தார். ஆண்டவர் காட்டினார் என்றார். அருள்தாஸ் உயிரோடு இருக்கிறான். ஒரு பெரிய ஆஸ்பத்திரி வாட்டு, வெள்ளைக் கட்டில், தலையில் கட்டு. தன் பேரை மறந்துபோய்க் கிடக்கிறான். அக்கா ஒருசந்தி உபவாசம் இருந்து, செபம் சொல்லி, மலைநாட்டு ஆஸ்பத்திரிகள் எல்லாம் தேட வேண்டும்.

வீட்டில் காற்று மாறியது. கதவடியில் நின்ற திரேசம்மா நெஞ்சில் கை வைத்தார். சவிரி அண்ணை சொன்னது பொய் என்று சண்டை பிடிக்கவும் ஏலாது. உண்மை என்று தலையாட்டவும் ஏலாது. நம்பிக்கை என்பதும் வலிக்கிற சாமான்தான். பிழையான இடத்தில் வைத்தால் ஆளைக் கொன்றுவிடும்.

அக்கா ஒரு கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் போட்டு இருந்தார். நல்ல பணிவான குரலில் கேட்டார்:

"முகம் வடிவாத் தெரிஞ்சதோ சவிரி அண்ணை?"

"தெளிவாத் தெரிஞ்சது பிள்ளை."

"மெலிஞ்சு போனாரோ?"

"கொஞ்சம்."

"மீசை?"

"அதே மீசைதான். நல்ல தடிப்பா."

"சரி அண்ணை" என்றார் அக்கா. எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். இரண்டு கரண்டி சீனி, அவருக்குப் பிடித்தபடி. சவிரி அண்ணை குடித்தார், செபித்தார், போனார்.

அவர் படலையைச் சாத்தியதும் அக்கா எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார். போகிறதுக்கு முதல்நாள் அருள்தாஸ் அண்ணை மீசைக்கு மை பூசியிருக்கிறார். நரை தெரிகிறதாம். மை ஒத்துக்கொள்ளாமல் உதடு ஊதி, தோடம்பழம் மாதிரியாகிவிட்டது. ஆத்திரத்தில் முழுதாக வழித்துவிட்டு, ஒருத்தரும் பார்க்கக்கூடாதென்று வாயில் லேஞ்சித் துணியைக் கட்டிக்கொண்டு விடிய முதலே லொறி ஏறியிருக்கிறார். மீசை இல்லாத அருள்தாஸை ஊரில் கண்டது அக்கா ஒருவர்தான்.

இந்தக் கொஞ்ச நாளில் அது அந்தத் தடிப்புக்கு முளைத்திராது. சவிரி அண்ணை கண்டது ஊரெல்லாம் ஒட்டியிருந்த 'காணவில்லை' படத்தில் இருந்த மீசையை.

திரேசம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. என்ரை பிள்ளை மீசையில்லாமலோ என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அப்படியே அழுகையாகியது. அக்கா எழும்பிப் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தார். அந்த மாதத்தில் அவர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததை அன்றுதான் கண்டேன்.

"எனக்கும் ஆசைதான் மாமி" என்றார் அக்கா. "அவர் சொல்லச் சொல்ல நான் பை அடுக்கிப்போட்டன், மனசுக்குள்ளை. அதுதான் மீசையைக் கேட்டனான்."

பாதரின் மேசை

அடுத்த நாள் மன்றாட்டை எழுதிக்கொண்டு பாதரிடம் போனேன். புயலுக்கு அடுத்த ஞாயிறு பிரசங்க நேரத்தில் எழும்பி நின்று, தனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்ப உட்கார்ந்துவிட்ட மனுசன் அவர். பாதருக்குப் பிரசங்கம் வராது என்று சிலர் ஆயர் இல்லம் வரைக்கும் குறை சொன்னார்கள். எனக்கு அன்றிலிருந்துதான் அவரில் மரியாதை.

கடதாசியைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியை ஏற்றினார்.

"அருள்தாசை எந்தப் பக்கம் போட்டிருக்கிறீர்? உயிரோடை இருக்கிற ஆக்களிலையோ, மரிச்ச ஆக்களிலையோ?"

"ரெண்டிலையும் இல்லை பாதர். நடுவிலை."

"நடுவிலை ஒரு இடம் இல்லைப் பிள்ளை."

"உத்தரிக்கிற ஸ்தலம் எண்டு சின்னனிலை இருந்து படிப்பிச்சனீங்களே?"

"அதுக்கும் செத்துத்தான் போகவேணும்."

இந்த அடியை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் விடவில்லை. அந்தோனியாரின் முதுகில் இருந்து தொடங்கி, போனில் இருமுகிறவர் வரைக்கும் இலக்கணம் முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டினேன். மன்றாட்டைக் கேட்கிறவர் ஆண்டவர். அவரிடம் 'உவர்' என்று சொன்னால் அவருக்குப் பக்கத்தில் இருக்கிறவர். உயிரோடு இருந்தாலும் பக்கம்தான், மரித்தாலும் பக்கம்தான். நாங்கள் பொய் சொல்லவில்லை, காட்சியும் காணவில்லை. தெரிந்ததை மட்டும் சொல்கிறோம்.

பாதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, இது சந்தையில் கதைக்கிற சொல், பீடத்துக்கு முன்னால் வாசித்தால் சனம் சிரிக்கும் என்றார். சிரிக்கட்டும் என்றேன். மரித்தோர் பூசை வைத்தால் அந்தப் பிள்ளை கோயிலுக்கு வராது, வைக்காவிட்டால் அந்தத் தாய் நித்திரை கொள்ளாது என்று தனக்குத்தானே சொன்னார். கடைசியில் கடதாசியை என்னிடம் தந்தார்.

"வாசியும். ஆயர் இல்லத்திலை கேட்டா, அச்சுப் பிழை எண்டு சொல்லுவம்."

அக்காவிடம் ஓடினேன். வாசித்துக் காட்டினேன். பாராட்டு வரும் என்று நின்றேன். அவர் கடதாசியைக் கையில் வாங்கி மறுபடி பார்த்தார்.

"ரீக்கடை அக்காவை விட்டிட்டாய்."

அண்ணைக்குப் போன் கொடுத்த அந்தத் தேநீர்க்கடைக்காரியின் பெயர் லெட்சுமி. அண்ணை ஒவ்வொரு பயணத்திலும் அங்கே நிற்பார், வந்து அந்தக் கடையைப் புகழ்வார். உங்கடை ரீக்கடைக்காரி சுகமோ என்று அக்கா நெளித்து நெளித்துக் கேட்பதும், அண்ணை வெட்கப்படுவதும் ஒழுங்கைக்கே தெரிந்த பகிடி. கடைசிக் கோலில் அண்ணை சொன்னது இதுதான்: லெட்சுமி அக்கா மழையில் நின்ற சாரதிகள் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு இருத்தினா, சூடாக ரொட்டி சுட்டுத் தந்தா, காசு வேண்டாம் என்றா. லெட்சுமியையும் மண் எடுத்ததென்று சொல்ல ஏலாது, விட்டதென்றும் சொல்ல ஏலாது. அவவும் கிடைக்கவில்லை.

அவ சைவம் அக்கா, பூசையில் பேர் வாசிக்க ஏலுமோ என்று இழுத்தேன்.

"மண் சமயம் கேட்டோ விழுந்தது?" என்றார் அக்கா. "கடைசியா இவருக்குச் சாப்பாடு குடுத்தவ அவ. அவவை விட்டிட்டு இவரை மட்டும் எப்படிக் கேக்கிறது? 'உவை' எண்டு எழுது."

உவர் ஒருவர். உவை என்றால் பலர். ஓர் எழுத்தை வெட்டி இன்னொன்று எழுதினேன், லெட்சுமியின் பெயரையும் சேர்த்தேன். பாதரிடம் திரும்பக் கேட்கவில்லை. அச்சுப் பிழையோடு இன்னொரு அச்சுப் பிழை.

ஞாயிறு

கோயில் நிறைந்திருந்தது. அக்கா தூணடியில். திரேசம்மா முன்வரிசை வாங்கில். சவிரி அண்ணை பாடகர் பக்கம்.

திருச்சபைக்காக, நாட்டுக்காக, நோயாளர்களுக்காக என்று வாசித்து வந்தேன். கடைசி மன்றாட்டுக்கு வந்ததும் பாதரை ஒருக்காப் பார்த்தேன். வாசித்தேன்:

"ஆண்டவரே, நாங்கள் தேடியும் காணாத, உமக்குப் பக்கத்தில் இருக்கிற உவைக்காக, அருள்தாசுக்காகவும் லெட்சுமிக்காகவும், உம்மை மன்றாடுகிறோம்."

மற்ற மன்றாட்டுக்கெல்லாம் சனம் பழக்கத்தில் 'கேட்டருளும்' என்று முடித்துவிடும். இதற்கு ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பின்னால் யாரோ இளைஞர் 'களுக்' என்று சிரித்தது கேட்டது. பாதர் பீடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அது செபமா, என்னோடு கோபமா என்று தெரியவில்லை.

முன் வாங்கில் இருந்து ஒற்றைக் குரல் வந்தது. கீச்சுக் குரல், நடுங்குகிற குரல். திரேசம்மா.

"கேட்டருளும்."

அதற்குப் பிறகுதான் கோயில் முழுவதும் சொன்னது. தூணடியில் அக்கா முக்காட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். அவர் எழும்பிப் போகவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்தபோது சவிரி அண்ணை என்னைத் தனியே கூப்பிட்டார். மீசைக் கதை அவர் காதுக்கும் போயிருந்தது. தலையைச் சொறிந்துகொண்டு, தான் கண்டது கண்டதுதான், ஆள் மாறியிருக்கலாம் என்றார். அப்படியென்றால் எங்கேயோ ஒரு வாட்டில் பேர் மறந்த மீசைக்காரர் ஒருவர் கிடக்கிறார், அவரையும் மன்றாட்டில் சேர்ப்போமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, சேர்க்கத்தான் வேண்டும் என்றார். பகிடியாகக் கேட்டேன்; அவர் பகிடியாகச் சொல்லவில்லை.

நீலச் சேலை அன்ரியும் வந்தார். அக்காவைப் பார்த்து, அந்தச் சைவப் பிள்ளையின் பேரை வாசிக்க அவளின் வீட்டாரைக் கேட்டீர்களா என்றார். குத்தலாகத்தான் கேட்டார். ஆனால் கேள்வி சரியான கேள்வி. அக்காவுக்கு அது பட்டது.

"கேக்கேல்லை அன்ரி" என்றார். "கேக்கத்தான் வேணும்."

முதல் வசனம்

அந்தப் பாதையில் ஓடும் இன்னொரு சாரதி விசாரித்துச் சொன்னார். லெட்சுமியின் கணவர் இருக்கிறார். அன்று தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருந்ததால் தப்பியவர். இப்போது தங்கை வீட்டில், யாரோடும் அதிகம் கதைக்காமல் இருக்கிறாராம்.

அக்கா போகிறார். அருள்தாஸ் அண்ணையைத் தேடுவதற்கு இல்லை, அந்த மனுசனைக் காண. நானும் போகிறேன், அம்மாவுக்கு இதை வாசித்துத்தான் தெரியவரும். நாங்கள் இருவரும்தான் என்று நினைத்திருந்தோம். திரேசம்மா ஒரு பழைய கம்பளிச் சட்டையைத் தோய்த்துக் காயப்போட்டார். ஆருக்கு மாமி என்று அக்கா கேட்க, மலையில் குளிராமே என்றார். அத்தோடு மூவரும் போவதென்று முடிவாகியது.

இப்போது சிக்கல் வேறு. ஒரு மாதமாக வந்தவர்கள் சொன்னதையெல்லாம் வைத்து நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். இனி நாங்கள்தான் வந்தவர்கள். முன்பின் தெரியாத வீடு. போய் என்ன சொல்வது?

நேற்றுப் பின்னேரம் ஒத்திகை பார்த்தோம். அக்கா பிளாஸ்ரிக் கதிரையில் லெட்சுமியின் கணவராக இருந்தார். காலுக்கு மேல் கால் போட்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டார். நான் குசினி வாசலால் உள்ளே வந்து, உங்கள் துக்கத்தில் நாங்களும் பங்குகொள்கிறோம் என்று தொடங்கினேன்.

"ஆர் நீங்கள், அரசாங்கமோ?" என்றார் கதிரையில் இருந்தவர்.

திரும்பப் போய் வந்தேன். ஆண்டவர் உங்களுக்கு ஆறுதல் தருவார் என்றேன். அந்த ஆண்டவரைக் கூட்டிக்கொண்டோ வந்தீர்கள் என்று பதில் வந்தது. அடுத்த முறை ஒன்றும் சொல்லாமல் வந்து நின்றேன். என்ன, கடன் கேட்க வந்த ஆள் மாதிரி முழுசுகிறாய் என்றார். கும்பிட்டுக்கொண்டு வந்தேன். தேர்தலோ என்றார். எனக்கு அலுத்துப்போனது. அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

திரேசம்மா அதுவரை மூலையில் இருந்து கம்பளிச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழும்பினார். வாசலுக்குப் போகவில்லை. நின்ற இடத்தில் இருந்தே கதிரையைப் பார்த்துச் சொன்னார்:

"தம்பி, உங்கடை வீட்டிலை என்ரை மகன் சாப்பிட்டவன்."

அக்காவின் கால் கீழே இறங்கியது. என்னைப் பார்த்தார்.

"இதுக்கு அந்தாள் என்ன சொல்லும்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. திரேசம்மாவுக்கும் தெரியாது. வியாழக்கிழமை பஸ்ஸுக்கு மூன்று சீற் பதிந்திருக்கிறோம்.